பேதுருவின் பாகம் ஜெரோமுக்கு

பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள். இயேசுவின் பாடுகளை ஆளுக்கொரு பாகமாக வாசிக்கும் வழிபாட்டில் யாருக்கு எந்தப் பாகம் என்று மெர்சி டீச்சர் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த பட்டியலை ஜெரோம் ஏழாவது தடவையாகப் பார்த்தார். பேதுரு: ஜெரோம்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், நெருப்பருகே குளிர்காய்ந்தபடி, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சாதித்த பேதுரு! இத்தனை பேர் இருக்க எனக்கு எதற்கு இது? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார்?

பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் முப்பது வருடம் அச்சு பிடிக்கும் மோல்டராக இருந்தவர் ஜெரோம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஞாயிறுதோறும் போனில் நாலு நிமிடம் பேசுவாள். அவரிடம் முகம் பார்த்துப் பேசும் ஒரே ஜீவன், அந்தக் கோயில் வளாகத்தைக் கூட்டும் பழனியாத்தாள்தான். வேலை முடிந்ததும் கிண்ணத்தில் கொள்ளுப் பருப்போடு வந்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். அவரோடு வேலை பார்த்த மயில்சாமியின் மனைவி.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், உருக்கிய இரும்பைத் தூக்கி வந்த சங்கிலி அறுந்து மயில்சாமியின் கால் வெந்துபோனது. சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று மயில்சாமி முன்பே சூப்பர்வைசரை எச்சரித்தபோது பக்கத்தில் நின்றவர் ஜெரோம். அப்போது நீ அங்கே இருந்தாயா என்று விசாரணையில் மேனேஜர் கேட்டார். "நான் அங்க இல்லீங்க." மறுபடியும் கேட்டார். "இல்லவே இல்லீங்க." மயில்சாமியின் கவனக்குறைவு என்று எழுதி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அது தெரிந்தும், இரண்டு வருடத்துக்கு முன் கண்ணை மூடும்வரை ஜெரோமை நண்பன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

புதன்கிழமை காலையில் பழனியாத்தாள் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, மூஞ்சி ஏன் இப்பிடிச் சுருங்கிக் கெடக்குது?"

"நீ மெர்சிகிட்ட என்ன சொன்னே?"

"டீச்சருகிட்டயா? வெளக்குமாறு தேஞ்சுபோச்சு, புதுசு வேணும்னு சொன்னனுங்க."

"நடிக்காத அம்மணி! சாகறப்ப மயில்சாமி உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கான். அதான் ரண்டு பேரும் பேசி வெச்சு என்னைய பேதுருவாக்கி ஊரு முன்னால நிறுத்தறீங்க!"

பழனியாத்தாள் விழித்தாள். "அவரு என்னத்தைங்க சொல்லோணும்?"

ஜெரோமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு ஒன்றுமே தெரியாது! ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். ஏற்கெனவே இரண்டு முறை மறுத்தாயிற்று. இது மூன்றாவது.

ஜெரோம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சங்கிலி தேஞ்சிருக்குதுன்னு அவன் சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன் அம்மணி. இல்லைன்னு சொல்லிப்போட்டேன். வேலை போயிருமோன்னு பயம்."

கொண்டுவந்த கிண்ணத்தை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு, "பதினாறு வருசம் அவரைக் கக்கூசுக்கு நாந்தானுங்க தூக்கிட்டுப் போனேன்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, வழிபாட்டுக்கு முன் மெர்சியிடம் காரணத்தைக் கேட்டேவிட்டார். "போன வருசம் வாசிச்சவரு திருப்பூருக்குக் குடி போயிட்டாருங்க அங்கிள். உங்க பவுண்டரிக் கொரலுக்கு மைக்கே வேண்டாமே!" என்று சிரித்தாள். அவ்வளவுதான் விஷயம்!

வாசிப்பில் பேதுருவின் மூன்றாவது மறுதலிப்பு வந்தபோது அந்தக் குரல் உடைந்தது. மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நெசமாவே அழுதுட்டீங்களே அங்கிள்!" என்றாள் மெர்சி. அவர் வெளியே வந்தார். வளாகத்தில் பழனியாத்தாள் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி..."

அவள் நிமிரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கூட்டோணும்."

ஜெரோம் தள்ளி நின்றார். வீட்டுக்குப் போகவில்லை.