மீதியை வெள்ளித்திரையில்

பெரியவன் பிறந்ததிலிருந்து ஐந்து வருடத்தில் இருபது படத்துக்கு மேல் பார்த்தேன். ஒன்றுக்கும் முடிவு தெரியாது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்மா கதை அளக்கிறாள் என்கிறார்கள். காரணமே அவர்கள்தான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

அப்போது நாங்கள் மலாக்கா நகரத்தில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ரோடு போடுகிற லாரி ஓட்டினார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. படப் பைத்தியம் மட்டும் உண்டு. நகரத்துக்குப் புதுத் தமிழ்ப் படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் குடும்பத்தோடு போயே ஆகவேண்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, நானும் அவர்களும் ஒரே பேச்சா ரிக்ஷாவில் நெருக்கியடித்து உட்காருவோம். பேச்சாக்காரருக்கு மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கும். இவர் பக்கத்தில் சைக்கிளில் ராஜா மாதிரி வருவார். கொட்டகை வாசலில் பெரியவனுக்குக் காகிதச் சுருளில் கச்சாங் கடலை, எனக்கு ஒரு பாட்டுப் புத்தகம்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். அண்ணன் சிறைக்குப் போவான், தங்கை தெருவில் நிற்பாள், வில்லன் சிரிப்பான். 'அண்ணன் திரும்பினானா? தங்கை வாழ்ந்தாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். எல்லாப் புத்தகத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் அதே கடைசி வரி. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராமல் என்ன செய்யும்? வெள்ளித்திரையில் மீதி ஓடும்போது நான் வெளியே நிற்பேன். கைப்பிள்ளை இடைவேளை வரைக்கும் சமர்த்தாகத் தூங்கும். கதாநாயகன் உண்மையைக் கண்டுபிடிக்கிற நேரம் பார்த்து வீறிட்டு அழும். "புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எழுந்து போவேன். அம்மாக்காரிதான் போகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. என் வீட்டுக்காரர் கெட்டவரும் இல்லை. சோறு வடித்தால் கஞ்சி கீழே போகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. வெளியே எனக்குத் துணைக்கு நாலைந்து பெண்கள் இருப்பார்கள், ஆளுக்கொரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு. உள்ளே கைதட்டல் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். படம் விட்டதும் இவர் தலையைச் சீவிக்கொண்டு வருவார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "சண்ட போட்டாங்க, சேந்துட்டாங்க. நல்ல படம்" என்பார். மூன்று மணி நேரப் படத்துக்கு அவ்வளவுதான் அவர் பதில்.

கல்யாணத்துக்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? நான் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஆண்கள் துணிக்கு முன்பக்கம், பெண்களும் பிள்ளைகளும் பின்பக்கம். எங்கள் கதாநாயகர்கள் எல்லோரும் இடது கையால்தான் கத்தி வீசினார்கள். கம்யூனிஸ்ட் சண்டையால் அவசரகாலம் வேறு. ஊரடங்கு நேரம் வந்ததும் கடைசி ரீலைப் போடாமலே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கல்யாணமாகி நகரத்துக்கு வந்தேன், உடனே மசக்கை, கொட்டகை வாடையே ஆகவில்லை. நாட்டுக்குச் சுதந்திரத் தேதி சொன்ன நாளிலும் இதே பாடுதான். பண்டார் ஹிலிர் திடலில் ஊரே கூடி நின்றது. எல்லோரும் மெர்டேகா என்று கத்தியபோது நான் ஒரு மரத்துக்குப் பின்னால் இரண்டாவதுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேதியை இவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, அதையாவது ஒழுங்காகச் சொன்னார்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மலாக்கா செட்டி. அவர்களும் நம்மைப் போல் கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அக்காவுக்குத் தமிழில் சாமி பெயர்களும் சில முறைப்பெயர்களும்தான் தெரியும். இருந்தும் தமிழ்ப் படம் என்றால் உயிர். கெபாயா சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் காதோரம் மலாயில் கதை சொல்லிக்கொண்டே வருவேன். நான் எழுந்து போனால் அவருக்கும் கதை போச்சு. பேச்சு புரியாமல் முடிவைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருமுறை படம் விட்டு வெளியே வந்தவருக்குக் கண் சிவந்திருந்தது. "மாக் டியா சுடா மாத்தி, அடிக்" என்றார். அடிக் என்றால் தங்கச்சி. கதாநாயகனின் அம்மா செத்துப்போய்விட்டாளாம். அவனுக்குக் கடிதம் வந்ததாம், படித்துவிட்டு 'அம்மா, அம்மா' என்று கதறினானாம், ரயிலேறிப் போனானாம், படம் முடிந்ததாம். பாதிப் படம் வரைக்கும் அந்த அம்மாவோடு சேர்ந்து நானும் மாவு இடித்தேன், பட்டினி கிடந்தேன். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் நாலு பெண்களிடம் அந்தச் சாவைக் கண்ணீரோடு விவரித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் வீட்டம்மா ஒருவர் குறுக்கே வந்தார்.

"யாரு செத்தா? அம்மா உசுரோட இருக்காங்கன்னுதானே கடுதாசி வருது! ஆனந்தத்துல அழுறான். கூட்டிட்டு வரத்தான் ரயிலேறுறான். பாதிப் படம் பாத்துட்டு முழு அழுகை அழுறியே!"

எல்லோரும் சிரித்தார்கள். பூக்கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். பார்க்காதவள் நான். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு வாரம் துக்கம் காத்தவள் நான். வழியெல்லாம் காது மடல் சுட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் முன்பே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"தீபாவளிப் படத்தோட முடிவ நான் பாக்கணும்."

"பாரேன். யாரு வேணாம்னா?"

"யாரும் வேணாங்கல. ஆனா பாத்ததில்லையே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி என்பது அவருக்கு அப்போது சரியாகத் தெரியாது.

அது சுதந்திரம் கிடைத்த வருடத்துத் தீபாவளி. மூன்றாவது பெண்ணுக்கு எட்டு மாதம். இரண்டு வாரம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். காலையில் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டி, மத்தியானம் மூன்று மணிக்குத் தூங்க வைத்தேன். சத்தம் பழக வேண்டுமே! சண்டைக் காட்சிக்காகப் பெரியவனை விட்டுத் தொட்டில் பக்கத்தில் டின்னைத் தட்டச் சொன்னேன். அவள் அசையாமல் தூங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

படம் ஒரு கொலைக் கதை. செய்யாத கொலைக்குக் கணவன் கூண்டில் நிற்கிறான். யார் கொன்றது என்று மனைவிக்கு மட்டும் தெரியும். படம் முழுக்க வாய் திறக்காமல் இருக்கிறாள். கடைசியில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல ஏறுகிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். கொட்டகையில் கச்சாங் மெல்லுகிற சத்தம்கூட இல்லை. அவள் வாயைத் திறந்தாள். என் மடியில் இருந்தவளும் திறந்தாள்.

"புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போம்மா!"

என் கால்கள் தானாக எழுந்துவிட்டன. ஐந்து வருடப் பழக்கம். அக்கா, "தாக் அபா, அடிக்" என்று கையை நீட்டினார். பரவாயில்லை, தான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறார். அவருக்கும் முடிவு வேண்டும்தானே? நான் அவரிடம் கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி, பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் வைத்தேன்.

"நீங்க போங்க."

"நானா?"

"நீங்கதான்."

"ஆம்பள போயி அங்க நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஆம்பள தூக்குனா புள்ள தேஞ்சா போயிடும்? போங்க."

பின்வரிசையில் யாரோ, "அண்ணே, நீங்களே கெளம்புங்கண்ணே!" என்று கத்த, கொட்டகையே சிரித்தது. இவர் பிள்ளையை இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு போனார். நான் உட்கார்ந்தேன்.

பொய் சொல்லக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காது வாசலிலேயே இருந்தது. அவள் அழுகிற சத்தம் கேட்கக் கேட்கப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எழுந்தால் இனி எப்போதும் எழுந்துகொண்டுதான் இருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெல்ல மெல்ல அழுகைச் சத்தம் நின்றது. நான் திரையைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றால் அப்படிப் பார்த்தேன். கொன்றவன் முகத்தில் வேர்வை வழிந்தது, கணவனின் விலங்கைக் கழற்றினார்கள், அவள் கூண்டைப் பிடித்தபடியே சரிந்தாள். ஒரு சொல் விடாமல் அக்காவின் காதில் சொன்னேன். அழவேண்டிய இடத்தில் அவர் அழுதார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். பிறகு திரையில் 'சுபம்' என்று வந்தது. அதுவரை அந்தச் சொல்லை நான் திரையில் பார்த்ததே இல்லை. "அபிஸ்" என்றார் அக்கா, முடிந்துவிட்டது என்று. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே, சுவரொட்டிக்குக் கீழே இவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கைப்பிள்ளைகளோடு ஐந்து பெண்கள். அவர் முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அவர் திகைத்துப்போயிருந்தார்.

"இத்தன பேரு நிக்கிறாங்களே" என்றார் மெதுவாக.

"எல்லாப் படத்துக்கும் நிப்பாங்க. நானும் நிப்பேன்."

அதற்குள் அந்தப் பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, யாருக்கா கொன்னது?"

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நீதிபதி கண்ணாடியைக் கழற்றிய இடத்திலிருந்து, வசனத்தோடு, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐந்து பேரும் நெருங்கி வந்தார்கள். கச்சாங்காரர் சுருள் மடிப்பதை நிறுத்திவிட்டார். இவரும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்டார். நான் மூச்சுவிட நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றது அவர்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சைக்கிளைப் பேச்சாவுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தவர் சொன்னார்: "அடுத்த படத்துக்கு எடவேளைக்கு முன்ன புள்ள அழுதா நான் போறேன். அப்புறம் அழுதா நீ போ."

"முன்ன நான் போறேன். அப்புறம் நீங்க."

"அப்ப முடிவெல்லாம் ஒனக்கா?"

"அஞ்சு வருசம் ஒங்களுக்கு இருந்துச்சில்ல."

சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தார். பிறகு, "சரிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். பிஸ்கட் டின்னைத் திறந்து, அன்றைய பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். கதைச் சுருக்கத்தின் அடியில் வழக்கம்போல 'குற்றவாளி யார்? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று இருந்தது. பெரியவனின் பென்சிலை வாங்கி, அந்த வரிக்குக் கீழே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு எழுத்தில் 'கண்டேன்' என்று எழுதினேன்.