சதவீத அக்கா

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஒரு தேடல். சதவீதக்குறி, அதை ஒட்டி 6093, என்டர். முன்னால் எந்த இலக்கம் இருந்தாலும் சரி, கடைசி நான்கும் இப்படி முடிகிற பயணிகளின் போன் நம்பர்களெல்லாம் திரையில் வந்து விழும். அந்தத் தொலைதூரப் பேருந்து முன்பதிவு அலுவலகத்தில் அவருக்குச் சதவீத அக்கா என்றே பேர்.

6093 அக்காவின் தம்பியுடைய முதல் ஸ்கூட்டர் எண். எந்த சிம் வாங்கினாலும் கடைசி நாலும் அதுவேதான் வேண்டுமென்று கடையில் ஒற்றைக்காலில் நிற்பான். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில், "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்று அக்காதான் சொன்னார். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். ரோஷக்காரப் பயல், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

அவன் பேரும் பிறந்த தேதியும் கொடுத்து, சமக்குறி போட்டு ஒரே ஒரு தடவை தேடினார். பூஜ்யம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சமக்குறி ரொம்பக் கறாருடி," என்பார் பக்கத்து மேசைக்காரியிடம். "இம்மி பிசகினாலும் ஆளே இல்லன்னுடும். இது பரவால்ல, கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் உள்ள விடும்."

உள்ளே விட்டதில் ஒரு பல் டாக்டர், மூன்று கல்லூரிப் பெண்கள், எழுபது வயதுக்காரர் ஒருவர் எல்லாரும் உண்டு. தம்பி வயதில் யாராவது அவனைப் போலவே ஜன்னலோர சீட் கேட்டிருந்தால் டப்பா திறக்க நேரமாகும்.

வீட்டிலும் ஒரு வம்பு. மழைத் தூறல் பட்டாலே டவர் போய்விடும் தன் பழைய நம்பரை மாற்ற மாட்டார். சொல்லிச் சொல்லிக் கணவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அவன் நம்பர் நம்மகிட்ட இல்ல. நம்ம நம்பர் அவன்கிட்ட இருக்கே," என்பார் அக்கா.

இன்று மேனேஜர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, நீங்க தேடினா லட்சக்கணக்கான நம்பரையும் ஒண்ணு விடாம பாக்குது. சர்வர் மூச்சு வாங்குது. நாளையிலேர்ந்து முழு நம்பர் போட்டாத்தான் தேட முடியும்."

"சரிப்பா," என்றார்.

கடைசியாக ஒருமுறை சதவீதக்குறியைத் தட்டினார். பதினான்கு பேர். அவன் இல்லை. அடுத்துச் சமக்குறி போட்டுத் தன் சொந்த நம்பரை முழுசாக அடித்தார். ஒரே ஒரு வரி வந்தது: அவர் பேர், அதே நம்பர், அதே வீட்டு முகவரி. விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார். பிறகு போனின் சத்தத்தை முழுசாக ஏற்றி, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.