அப்பாத்துரையின் வேர்க்கட்டைச் சுங்கான்

உள்ளறையில் டொக், டொக் என்று சத்தம். பிறகு ஊதுகிற ஓசை. முன்கூடத்தில் காத்திருக்கும் என்னைப் பார்த்துச் சாலோமி அம்மாள் சிரிக்கிறார்.

"சுங்கானுக்குக் குளிப்பாட்டு நடக்கு. அது முடிஞ்சாத்தான் மனுசங்களப் பார்ப்பாவ."

பாளையங்கோட்டையில் மிஷன் அச்சுக்கூடத்துக் குமாஸ்தா அப்பாத்துரைக்குப் புகைபிடிக்க இரண்டு சுங்கான்கள். மண் சுங்கானில் யார் எந்தப் புகையிலையைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்வார். வேர்க்கட்டையில் கடைந்த மற்றொன்றைக் கோழியிறகால் துடைத்து, பட்டுத்துணியில் சுற்றி, கோட்டின் உட்பையில் வைத்திருப்பார். அதற்குப் பேட்டைக் கடைக் கலவை ஒன்றுதான்: யாழ்ப்பாணத்து இலை, கிராம்பு, துளி கருப்பட்டிப் பாகு.

"கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல எனக்குக் குடுத்த வாக்கை இதுக்குல்லா காப்பாத்துதாவ" என்பார் அவர் மனைவி சாலோமி அம்மாள்.

"தவறினவனுக்குத்தாம்ளா வாக்கோட அருமை தெரியும்" என்பார் அவர்.

தவறியது ஒரே ஒரு நாள். சுங்கானைக் கொழும்பிலிருந்து வாங்கிவந்து தந்தவர், கலவையைத் தம் கையாலேயே சேர்த்துத் தந்தவர், பேட்டைப் புகையிலை வியாபாரி சேக் முகம்மது. உயிருக்குயிரான சிநேகிதர். "என் புகையிலையத் தவிர இதுல எதுவும் விழக்கூடாது வே. கட்டை குடிச்சத மறக்காது" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று வெள்ளைக்காரத் துரை ஒருவர் நீட்டிய சீமைப் புகையிலையை மறுக்கக் கூச்சப்பட்டு, அப்பாத்துரை இதிலேயே அடைத்துவிட்டார். மறுநாள் சேக் முகம்மது சுங்கானை வாங்கி மோந்தார்.

"இங்கன வேற ஆளு வந்துட்டுப் போயிருக்கே, வே."

சுங்கானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த மாதம், சொல்லிக்கொள்ளாமலே ரங்கூனுக்குப் போய்விட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன. பேட்டைக் கடையை அவருடைய மைத்துனன் பாவா நடத்துகிறான், கலவை மாறவில்லை. அதையே புகைத்துப் புகைத்துச் சீமை மணத்தைக் கட்டையிலிருந்து விரட்டப் பார்க்கிறார் அப்பாத்துரை. நான் மோந்து பார்த்தால் கிராம்பும் கருப்பட்டியும்தான். "ஒரு ஓரத்துல இன்னும் கிடக்கு" என்பார் அவர்.

இன்று அப்பாத்துரை முன்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது பாவாவும் வந்திருந்தான். நாளைக்கு அவனும் ரங்கூனுக்குப் புறப்படுகிறான்.

"மச்சானுக்கு ஏதாச்சும் சொல்லணுமா, அண்ணாச்சி?"

"சௌக்கியம்னு சொல்லு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

பாவா வாசற்படியில் கால் வைத்துவிட்டான். அப்போதுதான் அப்பாத்துரை எழுந்து போய், உட்பையிலிருந்ததை எடுத்து அவன் கையில் வைத்தார். சாலோமி அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்த வைக்கச் சொல்லாத. மோந்து மட்டும் பார்க்கச் சொல்லு."

"மோந்துட்டு?"

"வேற ஆளு இல்லேன்னா, அவனே கொண்டாந்து தரட்டும்."

"இருந்தா?"

"கடல்ல போட்டுரச் சொல்லு."

பாவா அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு படியிறங்கினான். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்பாத்துரை கதவைச் சாத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, வெறுமையாகிவிட்ட உள்ளங்கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.