‘ம்’ கொட்டினால்தான் நகரும் கதை

தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது தேன்மொழி ஏரியூரிலிருந்து அழைத்தாள். “அம்மா போயிட்டாங்க” என்றாள். அடுத்து வந்த ஏரியூர் வண்டியில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அவள் அம்மா பொன்னம்மா அக்கா எங்கள் அங்கன்வாடி டீச்சர். நான் அங்கே சமையல் உதவியாளர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கதை சொல்வதில் அக்கா மகா கறார். “ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா” என்றுதான் தொடங்குவார். ராஜாவுக்கு மூன்று பெண்கள்தான், சோற்றில் விஷம் வைக்க ஒரு சித்தி வருவாள், கடைக்குட்டிதான் ஜெயிப்பாள். கேட்பவர் ‘ம்’ கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் மறுபடி ராஜாவிலிருந்துதான்.

மனைவியை இழந்த ஒருவருக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். அந்த வீட்டுச் சிறுமிதான் தேன்மொழி. கதைகளில் சித்தி சோற்றில் விஷம் வைப்பாள் என்று எந்தப் புண்ணியவதியோ அவள் காதில் போட்டிருந்தாள். அக்கா முதல் கவளத்தைத் தாம் தின்று காட்டிய பிறகே அவள் தட்டைத் தொட்டாள். பேச்சு மட்டும் கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. “அந்தக் கதைய மாத்திடுங்கக்கா. சித்திய நல்லவளாக்கிடுங்க” என்றேன்.

“சித்தி நல்லவளா இருந்தா அந்தப் பொண்ணு ஏன் காட்டுக்குப் போறா? அவ போகாட்டி கதை ஏது? கதைல அவ கெட்டவளாவே இருக்கட்டும். வூட்ல நான் நல்லவளா இருந்துக்கறேன்” என்றார். அவருடையது உடும்புப் பிடி.

அன்று மாலையே தேன்மொழியிடம் கதையைத் தொடங்கினார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், ‘ம்’ வராது. அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மழைக்காலம் போய் மாம்பழக் காலமும் வந்தது. “என்னக்கா, ராஜாவுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலியா?” என்று கேலி செய்வேன். “ஆவட்டும். ராஜாவுக்கு என்ன அவசரம்?” என்பார்.

ஒரு நாள் காலை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். “கொட்டிட்டா! ‘ம்’ கொட்டிட்டா!” அன்று கொண்டைக்கடலை அடிப்பிடித்துப் போனது; யாருக்கும் கவலையில்லை.

அதன்பின் கதை நகர்ந்து விஷச் சோற்றுக்கு வந்தது. அங்கே தேன்மொழி நிறுத்தினாளாம். “அந்தச் சித்தி மொதல்ல தின்னு காட்டுனாளா?”

“இல்லியே.”

“அப்ப அவ வேற, நீங்க வேற” என்றவள், ‘ம்’ என்றாளாம்.

நேற்று அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம். “பெத்த மகளா இவ? சொந்தக்காரங்க மொதல்ல போடட்டும்” என்றார் ஒரு பெரியவர். தேன்மொழி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. முறத்திலிருந்து அரிசியை அள்ளினாள். சில மணிகளை முதலில் தன் வாயில் போட்டு மென்றாள்.

“அடிப்பாவி, வாய்க்கரிசிய யாராச்சும் திம்பாங்களா?” என்று கூட்டமே பதறியது.

“எங்கம்மா எனக்கு இப்படித்தான் போட்டாங்க” என்றாள். மீதி அரிசியை அக்காவின் வாயில் இட்டாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் அப்படியே நின்றுவிடும் போலிருந்தது. நான் உரக்க ‘ம்’ கொட்டினேன். பின்னாலிருந்து இன்னொருத்தி கொட்டினாள். கடைசியில் அந்தப் பெரியவரும் கொட்டினார்.

அதன்பிறகுதான் அக்காவைத் தூக்கினார்கள். போய் வாருங்கள், அக்கா.