மாடியில் ஒரு டீசல் ஷெட்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் திண்டிவனமோ திருவண்ணாமலையோ விழுப்புரமோ போகவேண்டும். பாதை வரப்போகிறது என்று ரொம்ப வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டு மாடியில் நான் தண்டவாளம் போட ஆரம்பித்திருப்பது தெருவில் தெரிந்ததும், எதிர்வீட்டுக்காரர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னாங்க, செஞ்சிக்கு ரயில் வந்துடுச்சாமே?" வருகிறவர் போகிறவரெல்லாம் அதையே திருப்பிக் கேட்டார்கள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு மாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல், ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷெட் இருந்த ஊர் இங்கிருந்து வெகுதூரம். நிலம், மாடு, வயதான என் அப்பா அம்மா எல்லாம் இங்கே. ஆகவே என் மனைவி இங்கே, நான் அங்கே. வாரத்துக்கு ஒருமுறை, வேலை கூடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அழுக்குத் துணிப் பையோடு ஊருக்கு வருவேன். அவள் துவைத்துக் கொடுத்த துணியோடு திரும்பிப் போவேன். ஓய்வு பெற்று வந்தபின் கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்தேன். எனக்கு அது வரவில்லை. குழாய், மிக்சி, மோட்டார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் போட்டு மாட்டினேன். "கழட்டறதுக்கு இந்த வூட்ல இனிமே நான் ஒருத்திதான் பாக்கி" என்றாள் என் மனைவி. அதற்கப்புறம்தான் மாடி அறையில் பிளைவுட் பலகையை அறைந்து வேலையைத் தொடங்கினேன்.

பொம்மை ரயில் என்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வட்டப் பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, பச்சைப் பசேலென்று ஒரு மலை எல்லாம் வேண்டும். வந்து பார்த்த உறவுக்காரர் ஒருவர், ராஜகிரி மாதிரி மலை செய்து உச்சியில் கோட்டையை வைத்தால் ஜோராக இருக்குமே என்றார். ஜன்னலைத் திறந்தால் அசல் ராஜகிரியே நிற்கிறது, அதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். அவர் அப்புறம் வரவில்லை. நான் செய்தது ஷெட் மட்டும்தான். ஓடிக் களைத்த இன்ஜின்கள் உள்ளே வரும் பாதை, டீசல் நிரப்பும் இடம், சக்கரம் வழுக்காமலிருக்க இன்ஜினுக்கு மணல் போடும் இடம், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, கேட், கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. பயணி ஒருவரும் கிடையாது. ஆஸ்பத்திரியில் போய்க் கல்யாணக் கூட்டத்தைத் தேடினால் எப்படி?

சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகத்தைத்தான் விலைக்கு வாங்கினேன். இன்ஜினின் மேலுடம்பை நானே பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி ஒட்டினேன். உண்மையான இன்ஜின் என் அளவில் ஒரு சாண் நீளம் வரும். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டும் ஜல்லிக்குக் கடையில் விற்கிற பொடியெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல் உடைக்கிற கிரஷருக்கா பஞ்சம்? ஒரு பை தூள் அள்ளிவந்து, முதலில் மாவுச் சல்லடையிலும் பிறகு டீ வடிகட்டியிலும் சலித்தேன். இரண்டும் சமையலறையைச் சேர்ந்தவை. அந்த வாரம் முழுக்க வீட்டில் என்னிடம் யாரும் பேசவில்லை. யாரும் என்றால் அவள்தான், வேறு ஆள் கிடையாது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது அழுக்கு. ஷெட் என்றால் அழுக்குதான். ஜல்லி எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருக்கும். இன்ஜினின் தலையில், புகை வெளியேறும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்து பின்பக்கமாக வழிந்திருக்கும். டீசல் நிரப்பும் வாய்க்குக் கீழே ஈரக் கறை. படிக்கட்டில் பூட்ஸ் தேய்த்த இடம் மட்டும் பளபளப்பு. இதையெல்லாம் கொண்டுவர அகல்விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி எடுத்தேன். செங்கல்லைத் தேய்த்துத் துரு நிறம் எடுத்தேன். பெரிய இன்ஜின் ஒன்றுக்கு மட்டும் ஒரு கோடை முழுவதும் போனது. செஞ்சிக் கோடை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறைகள் சாயங்காலம் நம்மிடம் கொடுத்துவிடும். ஃபேன் போட்டால் கரித்தூள் பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க அழுக்குப் பூசினேன். முடிந்தபோது அது என் கண்ணுக்கு அசலாகவே இருந்தது. எனக்கு அதில் பெருமைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரே ஒரு குறை. அவள் மேலே வரவில்லை. நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று அவள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. என் பாதி ஆயுள் கழிந்த இடத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை. தெருவில் இருக்கிறவர்களெல்லாம் வந்து பார்த்துக் கேலி செய்துவிட்டுப் போயாயிற்று. அவள் மட்டும் படிக்கட்டின் கீழே நின்று சாப்பிடக் கூப்பிடுவாள். "மேல வந்து ஒருதரம் பாரேன்" என்பேன். "காலு வலிக்குது" என்பாள். அதே காலோடு கொல்லைக்குப் போய், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்க வந்தவர்களோடு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பாள்.

ஒருநாள் விடாமல் கேட்டபோது சொன்னாள்: "ரிடையராயி வூட்டுக்கு வந்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்க வந்தீங்க? இன்னும் டூட்டிக்குத்தான் போய்க்கினு இருக்கீங்க. பஸ் ஏறிப் போனவரு இப்ப மாடி ஏறிப் போறீங்க, அவ்ளோதான்." எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஆசையை நிறுத்த முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது அவளுடைய நாள். மோட்டார், மருந்து தெளிக்கிற மெஷின், மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள்மனை, என் பைக் என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். காலையில் என்னைப் பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கிவர பஜாருக்கு அனுப்பினாள். ஊரே அங்கே நின்றுகொண்டிருந்தது. பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் வீடு வந்துசேர நேரமாகிவிட்டது. கீழே அவளைக் காணவில்லை. மாடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஓடினேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் மக், அதில் சோப்பு நுரை. எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டில். பழைய டூத் பிரஷ். என் காக்கிச் சட்டைகளைத் துவைக்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த முறை அது. கறைமேல் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, பிறகு பிரஷ். இன்ஜின்கள் எல்லாம் பலகையில் வரிசையாக நின்று பளபளத்தன. நான் கோடை முழுக்க அழுக்குப் பூசிய பெரிய இன்ஜின் கடைவீதிப் பொம்மை மாதிரி இருந்தது. கரி இல்லை, துரு இல்லை, கறை இல்லை. பக்கவாட்டில் எழுதிய எண்ணில் பாதியும் இல்லை.

"யாரு உன்னத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன். "எத்தன நாள் வேல தெரியுமா இது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஆயுத பூஜைக்குக் கழுவாம, வேற இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

பெரிய இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தது. அதைக் கழற்றுவதற்காக ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கிட்டே உட்கார்ந்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு இன்ஜினின் நெற்றியிலும் தீக்குச்சி முனையால் வைத்த சந்தனம், அதன்மேல் ஊசிமுனை அளவு குங்குமம். இருபுறமும் வாழைக்கன்றுக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டு. ஷெட் கேட்டில் நூல் கட்டி, கறிவேப்பிலையைக் கத்தரியால் பொடியாக வெட்டி மாவிலைத் தோரணம். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றவேண்டும் அல்லவா, அதற்கு ஆளுக்கு ஒரு எலுமிச்சை விதை.

எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை இப்படித்தான் நடக்கும். அன்றைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். இன்ஜின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கேட்டில் தோரணம் போட்டு, பிள்ளைகளைப் படியில் ஏற்றிவிட்டு போட்டோ எடுப்பார்கள். அன்றைக்கு இங்கேயும் பூஜை என்பதால் இவளால் ஒரு வருடமும் வர முடிந்ததில்லை. சாயங்காலம் நான் போனில் எல்லாவற்றையும் சொல்லுவேன். முதலில் பூத்திலிருந்து, பிறகு செல்போனிலிருந்து. அவள் "ம்", "ம்" என்பாள். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

கீழே போனேன். அவள் கொண்டைக்கடலையை வடிகட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"எல்லா வூட்டுப் பொம்பளைங்களும் வந்திருக்காங்கன்னு போன்ல சொல்லுவீங்க. நான் அப்ப மோட்டார் கொட்டாய்ல வெளக்கு ஏத்திட்டு நிப்பேன். எனக்கும் ஒருதரம் பாக்கணும்னுதான் இருந்துச்சி. மேல வந்து பாத்தா எல்லாம் அழுக்கா கெடக்குது. அந்த அழுக்க நான் பாக்காததா? எத்தினி வருசம் தொவச்சேன். அத்தப் பாக்கறதுக்கா மாடி ஏறணும்?"

அவளுக்கு அந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்ததெல்லாம் அழுக்கு மட்டும்தான் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

"நாளைக்குத் திரும்பப் பூசிக்குங்க" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் இப்டியே இருக்கட்டும்."

இன்ஜினைப் பிரித்து, மோட்டாரைத் தனியாக எடுத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்தேன். காக்கை தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பக்கத்திலேயே நின்றேன். சாயங்காலம் அதைத் திரும்ப மாட்டினேன். கீழே பூஜை முடிந்ததும் அவள் கற்பூரத் தட்டோடு மேலே வந்தாள். பிளாஸ்டிக் உருகிவிடும் என்று தள்ளி நின்று காட்டச் சொன்னேன். காட்டினாள். கரண்ட் கொடுத்தேன். இன்ஜின் ஒரு முனகல் முனகிவிட்டுக் கிளம்பி, எலுமிச்சை விதைமேல் ஏறி, தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான் அதைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "இதுல நீங்க எங்க நிப்பீங்க?"

"மேல இருந்து பாத்தா தெரியாது" என்றேன். கொட்டகையின் கூரையைக் கழற்றி, உள்ளே இருந்த 'பிட்'டைக் காட்டினேன். பிட் என்பது தண்டவாளங்களுக்கு நடுவே வெட்டிய நீளப் பள்ளம். இன்ஜின் மேலே நிற்கும். ஃபிட்டர் பள்ளத்துக்குள் இறங்கி, அண்ணாந்துகொண்டு அதன் அடியில் வேலை பார்ப்பான். என் வேலை முழுக்க அங்கேதான்.

அவள் கற்பூரத் தட்டை ஸ்டூலில் வைத்தாள். பலகையோடு கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜினுக்கு அடியில் பார்த்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

"உங்க கழுத்து வலி இதுலதான் வந்துதா?"

"ஆமா."

"நான் தலகாணி சரியில்லன்னு மாத்திக்கினே இருந்தேன்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ இருட்டாவா இருக்கும் உள்ள?"

"லைட் இருக்கும். ரெண்டு பக்கச் செவுத்துலயும் இருக்கும். நான் இன்னும் போடல."

"கேட்டுக்குப் போட்டிருக்கீங்க. சைக்கிள் ஸ்டாண்டுக்குக்கூடப் போட்டிருக்கீங்க. நீங்க நின்ன எடத்துக்குப் போடலியா?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அத்தப் போடுங்க மொதல்ல."

என் சால்டரிங் இரும்பையும் அவள் பூஜையில் வைத்திருந்தாள்; அப்படி வைத்த சாமான்களை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விடிந்ததும், பிட்டுக்குள் விளக்குக்கு ஒயர் பற்றவைக்க அதை எடுத்துச் சூடு பண்ணினேன். நான் கூப்பிடாமலே அவள் இரண்டு டம்ளர் காபியோடு மேலே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.