இனிகோ அத்தான் வைத்த ஸ்டீரியோ

என் அக்கா கிளாடிஸின் வீட்டுக்காரர் இனிகோ, "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கப்பல் எஞ்சினோ கல்யாண பிரியாணியோ, எதைக் கேட்டாலும், "அது ஒண்ணுமில்ல, சொல்லுதேன் கேளு" என்றுதான் தொடங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்து தொலைக்கும்.

அவர் தொழில் கடலில் முங்கிச் சங்கு எடுப்பது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. எழுபத்தேழில் ஒருநாள் சளி பிடித்த உடம்போடு கிளம்பினார். வேண்டாம் என்று அக்கா வழிமறித்தாள். "சளியெல்லாம் கரையில இருக்கவனுக்குளா" என்று போனவர், இடது காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். சவ்வு கிழிந்து, அந்தப் பக்கம் கேட்பது அடியோடு நின்றுவிட்டது.

இது அவருக்கும் அக்காவுக்கும், அவர்கள் வீட்டிலேயே இருந்த எனக்கும் மட்டும்தான் தெரியும். காது போன ஆளுக்குத் தண்ணீருக்குள் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று புரியாது. விஷயம் வெளியே வந்தால் எந்தச் சம்மாட்டியும் தன் வள்ளத்தில் ஏற்ற மாட்டார். ஆகவே தெருவுக்கு வயிற்றுக்கோளாறு என்று சொல்லிக்கொண்டு, காது ஆறினதும் கடலுக்குப் போய்விடலாம் என்று அத்தான் காத்திருந்தார்.

காத்திருந்த நாளில் சும்மா இருக்கிற ஆளா அவர்? ஒரு ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஹாரனும் வாங்கி, ஞானஸ்நானம், கல்யாணம் என்று ரேடியோ செட் போட ஆரம்பித்தார். ஹாரனுக்கு இடமும் கிடையாது வலமும் கிடையாது, தெரு முழுக்கக் கத்தினால் போதும். ஆகையால் ஒற்றைக் காது யாருக்கும் தெரியவில்லை.

எழுபத்தொன்பதில் வந்தது வினை. அத்தான் போய்வந்த வள்ளத்தின் சொந்தக்காரர் சம்மாட்டி ரோச், மகள் பிளாரன்ஸுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். துறைமுகத்துக்கு வந்த ஒரு பழைய கப்பலின் சாப்பாட்டு ஹாலில் கிடந்த இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகளை அவர் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும் அவை. சிங்கப்பூரிலிருந்து அவருக்கு மருமகன்முறைப் பையன் ஒருவன் ஈக்வலைசர் ஒன்று அனுப்பியிருந்தான். மேலும் கீழும் நகர்த்துகிற பொத்தான்கள் அதில் இரண்டு வரிசை. மேல்வரிசை இடது பெட்டிக்கு, கீழ்வரிசை வலது பெட்டிக்கு. வரிசையில் ஒரு முனை அடித்தொனிக்கு, மறுமுனை கீச்சுத்தொனிக்கு.

"ஏலே இனிகோ, கல்யாணத்துக்கு இதுதான் பாடணும். நல்லா வச்சுட்டேன்னா இனிமே நம்ம தெருக் கல்யாணமெல்லாம் உனக்குத்தான். சரியில்லன்னா மில்லர்புரத்து ரேடியோக்கார விக்டர வரச்சொல்லிருவேன். வயிறு சரியாயிட்டுன்னா சீசனுக்கு வள்ளத்துக்கும் வந்துரு" என்றார் ரோச்.

"அது ஒண்ணுமில்ல சம்மாட்டி, ரெண்டுக்கும் வாரேன்" என்றார் அத்தான். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரோச் வீட்டு ஹாலில் ஒத்திகை, வேடிக்கை பார்க்கத் தெருவே வந்திருந்தது. வேலை தெரிந்தவர் என்பதை மறுக்க முடியாது. பெட்டிகளைத் தரையில் வைத்தால் தொனி கலங்கும் என்று தேக்குப்பலகை மேல் ஏற்றினார். வெறும் சுண்ணாம்புச் சுவர் எதிரொலித்தது. பழைய தோணிப் பாய் ஒன்றை நாலாக மடித்துப் பின்சுவரில் தொங்கவிட்டார், எதிரொலி அடங்கியது. ஒரு பெட்டியில் வயர் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்து மாற்றினதும், எங்கேயோ ஒளிந்திருந்த மத்தளம் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈக்வலைசரை மடியில் வைத்துக்கொண்டார். இசைத்தட்டில் வயலின் இடது பெட்டியிலும் மத்தளம் வலது பெட்டியிலும் வந்தன. அவருக்கு வயலின் மங்கலாகக் கேட்டிருக்கிறது. மேல்வரிசையை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். கடைசியில் திருப்தியாக, "எப்படி?" என்று திரும்பினார்.

வயலின் தகரத்தைக் கீறுவதுபோல் கிறீச்சிட்டது. குசினியில் சமையலை விட்டு வாசலுக்கு வந்து நின்ற பெண்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். ஆனால் சங்குக்குப் போகிற ஆண்களில் சிலர், "அருமை" என்றார்கள். வேறு சிலர், "என்னல அருமை? இடது பக்கம் தவிர ஒண்ணும் கேக்கலியே" என்று பாய்ந்தார்கள். "மத்தளம் உனக்குக் கேக்கலியா?" "வயலின் உனக்குக் கேக்குதா?" சண்டை வலுத்தது. ஆளாளுக்கு ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். நேராக அத்தானிடம் போய் மேல்வரிசையைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். வயலின் குழைந்து மத்தளத்தோடு சேர்ந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம்.

ரோச் முகம் சிவந்துவிட்டது. "பொம்பள வந்து சரி பண்ண வேண்டியிருக்கு. கல்யாணத்தன்னிக்கு நீ திரும்பவும் ஏத்திவைப்ப. உனக்கு இது தெரியாதுல. நான் விக்டருக்கு ஆள் அனுப்புதேன்."

அத்தான் எழுந்தார். அக்காவைப் பார்த்தார். ஒரு பொய் சொல்லித் தப்பிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்படித்தான் ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எனக்கு வேலை தெரியும் சம்மாட்டி" என்றார். "இடது காதுதான் கிடையாது. ரெண்டு வருசமாச்சு, கடல்ல போச்சு. வயரும் பெட்டியும் நான் பாத்துக்கிடுதேன். காது கிளாடிஸுது. ரெண்டு பேரும் சேந்து வந்தா எவனாலயும் எங்கள மிஞ்ச முடியாது. வள்ளத்துல எனக்கு வச்சிருக்க இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துருங்க."

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். இத்தனை பேர் நடுவில் தன் கடலை அந்த மனுஷன் தானே மூடிக்கொண்டார்.

அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவர் உத்தரத்தைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைத் தேடினார். யார் யாருக்கு எந்தப் பக்கம் தூக்கலாகக் கேட்டது என்பதை ரோச் ஒவ்வொரு முகமாகப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டார். எல்லாம் அவர் வள்ளத்து ஆட்கள், ஆளுக்கொரு காதைக் கடலில் விட்டவர்கள். இவர்களை இறக்கிவிட்டால் வள்ளத்தில் பாய்மரம்தான் மிஞ்சும்.

"காதப் பத்தி இனி எவனும் எங்கிட்ட வாயத் தொறக்கப்பிடாது" என்றார் கடைசியில். வாய்விட்டுச் சொல்லிவிட்ட அத்தானின் இடம் மட்டும் போனது போனதுதான். பிறகு அக்காவைப் பார்த்து, "கல்யாணத்துக்கு நீயும் வந்துரு தாயி" என்றார்.

வந்தாள். பட்டுச்சேலை கட்டி, ஈக்வலைசருக்கு முன்னால் ராணிபோல உட்கார்ந்தாள். இனிப்புத்தட்டு அவளைத் தேடி வந்தது. கூட்டம் ஏற ஏறத் தொனி மங்கும், அதற்கேற்பப் பொத்தான்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள். பாட்டைக் கேட்டவர்கள் அங்கேயே அடுத்த கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தார்கள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அத்தான் பக்கத்தில் போய், "கடலுக்கு இனிமே போக முடியாதே, வருத்தமா இல்லையா?" என்றேன். பதில் இல்லை. இடது பக்கம் நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. சுற்றிப் போய் வலது பக்கம் நின்று திரும்பக் கேட்டேன்.

ஒண்ணுமில்லை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இருக்குளா" என்றார். பிறகு ஹாலைப் பார்த்து, "கிளாடிஸ், ஆள் கூடுது, பாத்துக்க" என்று குரல் கொடுத்தார். அக்கா நிமிராமலே தலையாட்டினாள்.