மேஜைமேல் இருந்த டோக்கன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். பாத்ரூம் போக வேண்டுமென்றால் என் மேஜையில் இருக்கும் டோக்கனை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். லைனுக்கு ஒரே டோக்கன். அந்த ரூலைப் போட்டவன் நான்தான்.

எளாவூரிலிருந்து வரும் ஏழுமலைக்கு ஐம்பத்தாறு வயது. மணிக்கொரு தரம் டோக்கன் கேட்பார். போனால் கால்மணி நேரம் ஆக்குவார். பீடி பிடிக்கத்தான் போகிறார் என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். "இனிமே ஷிஃப்டுக்கு ரெண்டு தடவைதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் பாட்டிலையே தொடவில்லை. வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒருநாள் போனவர் அரைமணி நேரமாகியும் வரவில்லை. கதவை உதைத்தேன். திறந்தார். அடிவயிறு வீங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீடி வாசனையே இல்லை.

"முட்டிக்கினு இருக்குது சார், ஒரு சொட்டு வர மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்தார்கள். புராஸ்டேட் வீக்கமாம். "அடிக்கடி போறாருன்னு தெரிஞ்சும் ஏன் முன்னாடியே கூட்டினு வரல?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

டோக்கனை அன்றைக்கே உடைத்துப் போட்டேன். பெரிய சாதனைதான். ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்த ஏழுமலை, என் மேஜை முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"சார், போய்ட்டு வரட்டுமா?"

என் அப்பா வயசு மனுஷனை மூத்திரம் போகக் கைகட்டி நிற்கப் பழக்கியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.